ஊருக்குப் பக்கத்தில் சுரங்கம் வருகிறதென்றால்: வரவையும் இழப்பையும் கணக்கிடும் முறை

சுரங்கத் திட்டம் ஒன்று ஊருக்குள் நுழையும்போது, பெரும்பாலும் நாளிதழின் உள்பக்கத்தில் சர்வே எண்களும் எக்டேர் அளவுகளும் நெருக்கி அச்சிடப்பட்ட ஒரு சிறு அறிவிப்பாகத்தான் நுழைகிறது. அந்த அறிவிப்புக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் இடையில் சட்டப்படி குறைந்தது 30 நாள்கள் இருக்க வேண்டும். அந்த 30 நாள்களில் டீக்கடையில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும்; ‘ஊருக்கு வேலை வரும்’ என்பது ஒரு கட்சி, ‘ஊரே அழிந்துபோகும்’ என்பது மற்றொன்று. இரு தரப்பும் கையில் ஒரு கணக்கும் இல்லாமல் பேசுவதால், கடைசியில் கணக்கோடு வருகிற நிறுவனத்தின் ஆலோசகர் சொல்வதே பதிவேட்டில் ஏறுகிறது. இந்த வழிகாட்டி, அந்த 30 நாள்களில் ஊரார் தாங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கைப் பற்றியது.

தொடங்குமுன் ஒரு நேர்மையான ஒப்புதல் தேவைப்படுகிறது. நாம் குடியிருக்கும் வீட்டின் சிமெண்டும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏதோ ஓர் ஊரின் வயிற்றைத் தோண்டி எடுக்கப்பட்டவைதாம். எனவே ‘சுரங்கமே கூடாது’ என்ற இடத்திலிருந்து தொடங்குவது கணக்காகாது. இந்த இடத்தில், இந்த அளவில், இந்த முறையில் தோண்டினால் யாருக்கு எவ்வளவு வருகிறது, யாரிடமிருந்து எவ்வளவு போகிறது, போனது திரும்பி வருமா என்ற மூன்றையும் பார்ப்பதே எடைபோடுதல்.

காகிதத்தையும் நிலத்தையும் ஒப்பிடுதல்

2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக் கேட்புக்கு முன், திட்டத்தின் பாதிப்புகளை மதிப்பிட்டு நிறுவனம் தயாரிக்கும் வரைவு அறிக்கையும் தமிழில் அதன் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் உள்ளிட்ட இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தீமையெல்லாம் முழு அறிக்கையின் அட்டவணைகளில்தான் இருக்கும். நான் பார்த்த ஓர் அறிக்கையில், வறண்ட கரட்டு நிலம் ஒன்றைப் பற்றிய அத்தியாயத்தில், வேறொரு மாவட்டத்து ஆற்றின் பெயர் அப்படியே கிடந்தது. பழைய அறிக்கையை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றியவர், அந்த ஒரு வரியை விட்டுவிட்டிருந்தார். இப்படி ஒரு வரி கிடைத்தாலே அந்த அறிக்கையின் மற்ற எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்று பொருள்.

அறிக்கையில் உள்ள சர்வே எண்களை எழுதிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் செல்லுங்கள். ‘தரிசு’ என்று அறிக்கை சொல்லும் நிலத்தில் கடந்த சில ஆண்டுகளில் என்ன பயிர் ஏறியிருக்கிறது என்பதை அடங்கல் சொல்லும். புறம்போக்கு என்றால் அது எந்தப் புறம்போக்கு, மேய்ச்சலா, ஓடையா, மயானமா என்பதை அ-பதிவேடு சொல்லும். புல வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லையை ஒருமுறை நடந்து பாருங்கள். வழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு கிணற்றையும், வாய்க்காலையும், வீட்டையும், சுனையையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஆடு மேய்க்கும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மழை பெய்தால் எந்தச் சரிவிலிருந்து எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் இறங்கும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்தச் செயற்கைக்கோள் படத்துக்கும் தெரியாது.

அறிக்கையின் அளவீடுகள் எந்த மாதங்களில் எடுக்கப்பட்டன என்பதையும் தவறாமல் பாருங்கள். அறிக்கைக்கு எதையெதை ஆய வேண்டும் என்று வகுக்கும், சுரங்கங்களுக்கான பொது ஆய்வு வரையறை, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவைக் கேட்கிறது; அதில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலம் ‘மழைக்குப் பிந்தைய பருவம்’ என்று ஏற்கப்படுகிறது. தில்லிக்கு அது சரி. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்களே அவைதாம். அந்த மூன்று மாதங்களில் அளந்தால் காற்றில் தூசி குறைவாகவும் கிணற்றில் நீர் மேலாகவும் தெரியும். எண்கள் பொய்யாக இருக்க மாட்டா, அவை காட்டும் படம் மட்டும் நம் ஊரின் கோடையாக இருக்காது.

வரவுப் பக்கத்தைக் குறைக்காமல் எழுதுங்கள்

எதிர்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, வரவே இல்லை என்று சொல்லிவிடுவது. அது கூட்டத்தில் ஒரே நிமிடத்தில் உடைந்துபோகும். வரவு உண்டு, அது எந்த வாசல் வழியாக யாரிடம் போகிறது என்பதைத்தான் பிரித்துக் காட்ட வேண்டும்.

ஆண்டுக்கு 10 லட்சம் டன் எடுக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். உரிமத் தொகை (ராயல்டி) டன்னுக்கு 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 8 கோடி ரூபாய். இது மாநில அரசின் கருவூலத்துக்குப் போகிறது. பெரிய தொகைதான், ஆனால் ஊராட்சியின் வரவு அன்று. ஏலத்தில் நிறுவனம் ஒப்புக்கொள்ளும் கூடுதல் பங்கும் மாநிலத்துக்கே போகிறது. ஊருக்கென்று சட்டம் ஒதுக்கியிருப்பது, 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்தின் வழியாக வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி. ஏலத்தின் மூலம் வழங்கப்பட்ட குத்தகையில் உரிமத் தொகையின் 10 விழுக்காடும், 2015 ஜனவரி 12-க்கு முந்தைய பழைய குத்தகையில் 30 விழுக்காடும் இதற்கு வர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் புதிய குத்தகைக்கு ஆண்டுக்கு 80 லட்சம் ரூபாய். அதுவும் ஓர் ஊருக்கு மட்டுமானதன்று; சுரங்கத்தைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்கள் அத்தனையும் அதில் பங்குதாரர்கள். 15 கிலோமீட்டர் ஆரம் என்றாலே 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும் என்பதை ஒரு தாளில் வட்டம் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்தில் ஏற்கெனவே வசூலான நிதி எந்த ஊர்களில் எந்தப் பணிக்குச் செலவானது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். வரப்போகும் நிதியைப் பற்றிய வாக்குறுதியைவிட, வந்த நிதியின் வரலாறு நம்பத்தக்கது.

அடுத்தது வேலை. ‘60 பேருக்கு நேரடி வேலை’ என்று அறிக்கை சொன்னால் அதை அப்படியே ஏற்காமல், அந்த 60 இடங்களையும் பெயர்வாரியாகக் கேளுங்கள்: பொக்லைன் ஓட்டுநர் எத்தனை பேர், டிப்பர் ஓட்டுநர் எத்தனை பேர், வெடி வைக்கச் சான்றிதழ் பெற்றவர் எத்தனை பேர், காவலாளி எத்தனை பேர், துப்புரவுப் பணிக்கு எத்தனை பேர், இவர்களில் நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருப்போர் எத்தனை, ஒப்பந்தக்காரரிடம் இருப்போர் எத்தனை. பிறகு இழக்கப்படும் வேலையை அதே அளவையில் எழுதுங்கள். 100 ஏக்கர் விளைநிலம் போகிறது, ஏக்கருக்கு ஆண்டுக்கு 40 ஆள்நாள் என்று உங்கள் ஊரில் விசாரித்ததில் தெரிகிறது என்றால், ஆண்டுக்கு 4,000 ஆள்நாள் போகிறது. ஆண்டுக்கு 250 நாள் வேலை என்று வகுத்தால் 16 பேரின் முழு வேலை. சுரங்கம் 20 ஆண்டுகள் ஓடினால் 60 பேருக்கு 1,200 ஆள்-ஆண்டுகள். நிலம் ஆண்டுக்கு 16 வீதம் அந்த எண்ணைத் தொட 75 ஆண்டுகளாகும். அதாவது 60 வேலையும் உள்ளூருக்கே கிடைத்தால் வேலைக் கணக்கில் சுரங்கம் தெளிவாக வெல்கிறது. இதை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளூருக்குக் கிடைப்பது 15 மட்டும் என்றால் 300 ஆள்-ஆண்டுகள்தாம்; 19 ஆண்டுகளுக்குள் நிலமே அதை ஈடுகட்டிவிடும், சுரங்கத்தின் ஆயுளைவிடக் குறைவான காலத்தில். முழு வாதமும் அந்த ஒற்றை எண்ணில் தொங்குவதால்தான், உள்ளூர் வேலைவாய்ப்பை வாய்மொழி உறுதியாக ஏற்கக் கூடாது என்கிறேன்.

நிலத்துக்கு விலை பெறுபவரும் அந்த நிலத்தில் கூலிக்குப் போனவரும் ஒருவரல்லர் என்பதையும் இங்கேயே குறித்துவிடுங்கள். பட்டாதாரருக்குக் காசோலை வரும். நாற்று நட்டவருக்கும் வரப்பில் புல் அறுத்து மாடு வளர்த்தவருக்கும் எந்தக் காகிதத்திலும் பெயர் இராது. கணக்கில் அவர்களுக்குத் தனி வரி போடுங்கள்.

இழப்பை ரூபாயில் தொடங்காதீர்கள்

சுற்றுச்சூழல் இழப்புக்கு உடனே பண மதிப்புப் போட முயல்வதுதான் பலர் தடுமாறும் இடம். முதலில் லிட்டர், டன், நடை, மீட்டர் என்று அந்தந்தப் பொருளுக்குரிய அளவையில் எழுதுங்கள். ரூபாய்க்கு மாற்றக்கூடியதைப் பிறகு மாற்றலாம்.

தண்ணீரே முதன்மையானது. அகழியின் இறுதி ஆழம் எவ்வளவு, கோடையில் ஊர்க் கிணற்றின் நீர்மட்டம் எவ்வளவு என்ற இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அகழி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்குகிறதென்றால், சுற்றியுள்ள நிலத்தடி நீர் அதற்குள் ஊறி வரும். அதை இறைத்து வெளியேற்றாமல் வேலை செய்ய முடியாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்தால்தான் அங்கு சுரங்கமே நடத்த முடியும் என்பது இத்தொழிலை அறிந்த எல்லாருக்கும் தெரிந்த செய்தி. சிறிய சுரங்கத்துக்கும் விதி அதுவே. நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் இறைக்கப்படும் என்று அறிக்கை சொன்னால், ஊரக வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற அரசின் அளவுகோலால் வகுத்துப் பாருங்கள்: சுமார் 9,000 பேரின் ஒரு நாள் தண்ணீர். இறைத்த நீரைக் கண்மாயில் விடுவோம் என்பார்கள். விடலாம், நல்ல தண்ணீராக இருந்தால் அது ஒரு வரவும்கூட. எந்த வாய்க்கால் வழியாக, யார் பரிசோதித்த பிறகு, எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதித்து என்று எழுதி வாங்க வேண்டும்.

இதற்கு அடிப்படையாக ஊரார் இன்றே தொடங்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஊரின் நான்கு திசையிலும் ஒவ்வொரு திறந்த கிணற்றைத் தேர்ந்தெடுங்கள். கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மாதத்தின் முதல் ஞாயிறன்று காலையில், மோட்டார் போடுமுன், கிணற்றின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதி இருவர் கையெழுத்திடுங்கள். பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்யலாம். நாளை கிணறு வற்றினால், ‘கோடையில் வற்றுவது வழக்கம்தானே’ என்று சொல்பவருக்கு எதிரில் அந்த நோட்டைத் தவிர வேறெதுவும் நிற்காது.

அடுத்து லாரி. நம் எடுத்துக்காட்டின் 10 லட்சம் டன்னை ஆண்டுக்கு 300 வேலை நாள்களால் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 3,333 டன். லாரிக்கு 20 டன் என்றால் 167 லோடு, போக வர 334 நடை. 12 மணி நேரத்தில் அது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஒரு லாரி. பள்ளி விடும் நேரத்தில் அந்தச் சாலையை ஒரு பிள்ளை கடக்க எவ்வளவு நேரமாகும் என்று நின்று பார்த்தால் போதும். சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் நிறைந்த அரியலூர்ப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தனிப்பாதை போட்டுத் தருகிறார்களா, அதன் பராமரிப்பு யாருடையது என்பது இந்த எண்ணிலிருந்துதான் எழ வேண்டும்.

தூசியை அறிக்கையின் எண்ணோடு ஒப்பிடத் தேசியத் தர அளவு தெரிந்திருக்க வேண்டும்: 24 மணி நேரச் சராசரியாக, பத்து மைக்ரான் வரையிலான துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராமையும், இரண்டரை மைக்ரான் வரையிலானது 60 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. இன்று 70 இருக்கிறது, சுரங்கம் 25 கூட்டும், எனவே 95, அளவுக்குள்தான் என்று அறிக்கை முடித்துவிடும். அருகில் ஏற்கெனவே இயங்கும் குவாரிகளையும் கிரஷர்களையும் சேர்த்தார்களா என்று கேளுங்கள். கல் உடைக்கும் இடங்களில் தூசியோடு பறக்கும் சிலிக்கா நுரையீரலில் படிந்தால் வரும் சிலிக்கோசிஸ் நோயைத் தடுக்கலாமே தவிர, வந்த பின் குணப்படுத்த மருந்தில்லை. அதன் சுமையைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் அந்த 60 வேலைகளில் கடைசி வரிசையில் இருப்பவர்கள்.

வெடி அதிர்வுக்கும் அளவுண்டு. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் வரம்பு, நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு அதிர்வெண்ணைப் பொறுத்து நொடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டர்; பழமையான சின்னங்களுக்கு 2 முதல் 10. உங்கள் வீட்டுச் சுவரில் இப்போதே உள்ள விரிசல்களின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து வையுங்கள். சுரங்கம் வருமுன் எடுத்த படம்தான் சான்று. வந்த பின் எடுப்பது வெறும் புகார்.

காலம் என்னும் தராசு

வரவு முதல் ஆண்டிலிருந்தே வருகிறது. இழப்பின் பெரும்பகுதி பிற்காலத்தில் வருகிறது. பிற்காலத் தொகையை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரப் பொருளாதாரத்தில் ஒரு கழிவு வீதம் பயன்படுத்துவார்கள். 50 ஆண்டு கழித்து வரும் ஒரு லட்சம் ரூபாய் இழப்பு, 10 விழுக்காட்டு வீதத்தில் இன்று வெறும் 852 ரூபாய். 3 விழுக்காட்டில் சுமார் 22,800 ரூபாய். இழப்பில் ஒரு காசும் மாறவில்லை, வீதத்தை மாற்றியதும் பேரப்பிள்ளையின் கிணறு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவாகச் சுருங்கிவிட்டது. எனவே யாராவது ‘மொத்தத்தில் இத்தனை கோடி நிகர லாபம்’ என்று ஒற்றை எண்ணைக் காட்டினால், எந்த வீதம் என்பதே முதல் கேள்வி. என்னைக் கேட்டால், திரும்பப் பெறக்கூடிய இழப்புகளை மட்டும் ரூபாய்க் கணக்கில் சேர்த்து, உடைந்தால் ஒட்டாதவற்றை, அதாவது மலை, சுனை, கல்வெட்டு, நீர்வழி ஆகியவற்றைத் தனிப் பட்டியலாக வைப்பதே நேர்மை.

அப்படி ஒரு பட்டியல் எவ்வளவு எடையுள்ளது என்பதை மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரம் காட்டியது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015.51 எக்டேர் பரப்பு மத்திய அரசால் ஏலம் விடப்பட்டு, 2024 நவம்பரில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தேர்வானது. அந்தப் பரப்புக்குள், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி–மீனாட்சிபுரம் பகுதியின் 193.215 எக்டேரும் இருந்தது: ஏழு குன்றுகள், சுனைகள், லகுடு வல்லூறு உள்ளிட்ட பறவைகள், தமிழிக் கல்வெட்டு, சமணப் படுக்கைகள், பாண்டியர் காலக் குடைவரை. அது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே, அதை மட்டும் விலக்கி எல்லையைத் திருத்தலாமே என்ற யோசனை டிசம்பரில் எழுந்தது. விழுக்காட்டுக் கணக்கில் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் குன்றிலிருந்து இறங்கும் தண்ணீர்தான் கண்மாய்களுக்குப் போகிறது. குன்றை விட்டுவிட்டுச் சுற்றிலும் தோண்டினாலும், சுற்றிலும் விட்டுவிட்டுக் குன்றைத் தோண்டினாலும் அறுபடுவது ஒரே நீர்வழி. பரப்பளவு இங்கே தவறான அளவை. கிரானைட் குவாரிகளின் கைவிடப்பட்ட பள்ளங்களை ஏற்கெனவே பார்த்திருந்த அவ்வட்டார மக்களுக்கு இதைச் சொல்லித்தர யாரும் தேவைப்படவில்லை. கிராமசபைத் தீர்மானங்கள், 2024 டிசம்பர் 9-இல் சட்டப்பேரவைத் தீர்மானம், 2025 ஜனவரி 7-இல் மேலூரிலிருந்து மதுரைக்குப் பேரணி என்று தொடர்ந்து, ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது.

கணக்கை எங்கே வைப்பது

கருத்துக் கேட்புக் கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்துகிறது. ஆட்சியரோ அவர் நியமிக்கும் உயர் அலுவலரோ தலைமை ஏற்கிறார். அது வாக்கெடுப்பன்று. ‘வேண்டாம்’ என்ற ஆயிரம் குரல்களைவிட, ‘அறிக்கையின் இந்த அட்டவணை தவறு, இதோ அடங்கல் நகல்’ என்ற ஒரு கடிதத்துக்கு நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் இருக்கிறது. எழுத்து மூலமான கருத்தைக் கூட்டத்துக்கு முன்பே வாரியத்துக்கு அனுப்பி ஒப்புகை வாங்குங்கள். கூட்டம் முடியும்போது நடவடிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியில் வாசிக்கப்பட வேண்டும் என்பது விதி. பசியோடு எல்லாரும் கலைந்துவிடும் நேரம் அதுதான் என்பதால், இருவரையாவது அதற்கென்று உட்கார வையுங்கள்.

எல்லாத் திட்டங்களுக்கும் இந்தக் கூட்டம் உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். டங்ஸ்டன் உள்ளிட்ட ‘முக்கியக் கனிமங்கள்’ (critical minerals) என்ற வகைக்கும் அணுக் கனிமங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்களித்து 2025 செப்டம்பர் 8-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குறிப்பாணை வெளியிட்டது. அவ்வகைத் திட்டமென்றால், கிராமசபையும் அமைச்சகத்துக்கு நேரடிக் கடிதமும்தான் வழி. தமிழ்நாட்டில் கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. தீர்மானத்தோடு உங்கள் கணக்குத் தாளையும் இணைப்பாகச் சேர்த்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்து, சில மாற்றங்களோடு சுரங்கம் ஏற்கத்தக்கது என்று ஊர் முடிவெடுக்கவும் கூடும். அப்போது ஒப்புதலை நிபந்தனைகளாக எழுதிக் கொடுங்கள்: அகழியின் ஆழ வரம்பு, லாரிக்குத் தனிப்பாதை, வெடி வைக்கும் நேரம், உள்ளூர் வேலையின் எண்ணிக்கை, கிணறு வற்றினால் எத்தனை நாளுக்குள் குழாயில் தண்ணீர், மேல்மண்ணை எங்கே குவித்து எப்போது திரும்பப் பரப்புவது. சுரங்கம் முடிந்த நிலத்தில் மீண்டும் புல்லும் தீவனமும் வளரச் செய்வதை அனுமதி நிபந்தனையாகச் சேர்க்கும்படி உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டிருப்பதையும் அந்தத் தாளில் குறிப்பிடுங்கள். அனுமதி ஆணை வெளியானால், அதை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள்கள்தாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள்கள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். ஆணையின் நகலை வாங்கிய நாளைக் கிணற்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறன்று கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போக மறக்க வேண்டாம்.